கேள்விக்குறி போட்டிருக்கலாம்

கணினியில் ஒரு படிவம் நிரப்பும்போது, எழுத்தை அழுத்தியும் திரையில் ஒன்றுமே விழாத அனுபவம் உங்களுக்கு இருந்திருக்கும். கைபேசி எண் கேட்கும் கட்டத்தில் எழுத்து விழாது. தேதி கேட்கும் கட்டத்தில் சாய்கோடுகள் முன்பே போடப்பட்டிருக்கும். நடுவில் எண்களை மட்டும் இட்டு நிரப்ப வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு நிரலாளர்கள் வைத்திருக்கும் பெயர் இன்புட் மாஸ்க். முகமூடி என்று அதை மொழிபெயர்த்தால் பொருள் மாறிவிடும். மார்கழி மாதத்தில் தெருவில் விற்பார்களே, கோல அச்சு, அதுதான் சரியான உவமை. தகட்டில் ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் மாவு தரையில் இறங்கும். ஓட்டை இல்லாத இடத்தில் விழுந்த மாவு தகட்டிலேயே தங்கிவிடும், பிறகு தட்டிவிடப்படும். தெருவில் நடந்து போகிறவர் கண்ணுக்குக் கோலம் மட்டுமே தெரியும். எவ்வளவு மாவு தட்டிவிடப்பட்டது என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

நான் நிரல் எழுதிப் பிழைக்கிறவள். இப்படிப்பட்ட அச்சுகளில் பலவற்றை நானே வெட்டியிருக்கிறேன். அவற்றில் ஒன்று, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெட்டியது, இன்றுவரை என்னை விடவில்லை. அதை முன்வைத்து ஒரு கேள்வியைக் கேட்க விரும்புகிறேன்: ஒரு விதியை எழுதியவள், அந்த விதி யார் மேல் விழுந்தது என்று தெரியாமலே இருந்துவிட்டால், அந்தத் தெரியாமை அவளை விடுவிக்குமா?

*

அச்சு வெட்டுவது எவ்வளவு எளிது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது நாங்கள் மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் வேலை செய்தோம். அதில் மாஸ்க்டு டெக்ஸ்ட்பாக்ஸ் என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்துக்கு ஒரு சிறிய குறித்தொடர் கொடுத்தால் போதும். பூஜ்ஜியம் போட்டால் அந்த இடத்தில் ஓர் எண் கட்டாயம் வர வேண்டும். ஒன்பது போட்டால் எண் வரலாம், வராமலும் இருக்கலாம். ‘எல்’ போட்டால் ஓர் எழுத்து கட்டாயம். கேள்விக்குறி போட்டால் எழுத்து வரலாம், விட்டும் விடலாம். கட்டாயத்துக்கும் விருப்பத்துக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு விசை அழுத்தம்தான்.

தென்மாவட்டச் சிறுநகரம் ஒன்றில் இருந்த ஒரு மகப்பேறு மருத்துவமனைக்கு நாங்கள் பதிவு மென்பொருள் செய்து கொடுத்தோம். நோயாளியின் பெயர், கணவர் பெயர், வயது, கைபேசி எண், கடைசி மாதவிடாய் தேதி. கணவர் பெயர்க் கட்டத்துக்கு நான் மூன்று ‘எல்’லும் அதன் பின்னால் வரிசையாகக் கேள்விக்குறிகளும் போட்டேன். அதாவது, குறைந்தது மூன்று எழுத்து இல்லாமல் அந்தக் கட்டம் நிறையாது; நிறையாமல் பதிவு முடியாது. புள்ளி, கோடு, எண் எதுவும் விழாது. இதைச் செய்ய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பெயர் என்றால் எழுத்துதானே வரும் என்று நினைத்தேன். மூன்றுக்கும் குறைவான எழுத்தில் யாருக்குப் பெயர் இருக்கப்போகிறது என்றும் நினைத்தேன். கணவர் இல்லாமல் யார் பிரசவத்துக்கு வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. நினைத்து அந்த முடிவுக்கு வந்தேன் என்றால்கூட மன்னிக்கலாம். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

மென்பொருளை நிறுவிய வாரம் நான் அங்கே மூன்று நாள் தங்கினேன். பதிவு மேசையில் இருந்த அக்காவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஏதாவது தடங்கல் வந்தால் சரிசெய்வது என் வேலை. இரண்டாம் நாள் காலை, இளம்பெண் ஒருத்தி தன் அம்மாவோடு வந்தாள். ஆறாவது மாதம் இருக்கும். பெயர் சொன்னாள், வயது சொன்னாள்.

“வீட்டுக்காரர் பேரு?”

அவள் பேசவில்லை. அம்மாதான் குனிந்து, மேசைக்கு நெருக்கமாக வந்து, “அவரு இல்லம்மா” என்றார். இறந்துவிட்டாரா, விட்டுவிட்டுப் போனாரா, கணவர் என்று ஒருவர் இருந்தாரா என்பது அந்த இரண்டு சொல்லில் இல்லை. வேண்டுமென்றேதான் இல்லை.

அக்கா கோட்டுக்குறியை அழுத்தினார். விழவில்லை. மறுபடி அழுத்தினார். புள்ளி வைத்துப் பார்த்தார். இடைவெளி விட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, குரலில் எந்தக் கடுமையும் இல்லாமல் சொன்னார்: “இல்லேன்னாலும் ஏதாச்சும் ஒரு பேரு சொல்லும்மா. கம்ப்யூட்டர் விடமாட்டேங்குது.”

வரிசையில் பின்னால் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அந்த அம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு ஒரு பெயரைச் சொன்னார். கட்டம் நிறைந்தது. பிரின்டர் ஓடியது. நோயாளி பெயருக்கும் கணவர் பெயருக்கும் நடுவே ‘டபிள்யூ ஓ’ என்று தானாகச் சேர்த்து அச்சிடும் வரியையும் நான்தான் எழுதியிருந்தேன். சீட்டை வாங்கிப் படித்த அந்தப் பெண், தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, “ஏம்மா அப்பா பேரச் சொன்ன?” என்றாள்.

அம்மா சொன்னது, இறந்துபோன தன் கணவரின் பெயரை. சீட்டில் அந்தப் பெண் தன் தகப்பனின் மனைவியாக இருந்தாள். சீட்டை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். பிரசவம்வரை ஒவ்வொரு முறை வரும்போதும் அந்தச் சீட்டைத்தான் அவள் நீட்டியிருப்பாள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு நர்ஸ் அந்தப் பெயரை உரக்கப் படித்திருப்பார்.

மதியம் டீ குடிக்கும்போது அக்கா என்னிடம் சொன்னார்: “முன்னாடி நோட்டுல எழுதும்போது ஒரு கோடு போட்டுட்டுப் போயிருவேன் மேடம். யாரும் கேக்க மாட்டாங்க.” அது குற்றச்சாட்டு அல்ல. வெறும் தகவலாகத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். அந்தக் கட்டத்தை மாற்றிக்கொடுக்க அன்று மாலையே என்னால் முடிந்திருக்கும். மாற்றவில்லை. ஊர் திரும்பினேன்.

*

சில மாதம் கழித்து, வேறு ஒரு திருத்தத்துக்காக அந்த மருத்துவமனையின் தரவுகளைத் திறக்க நேர்ந்தது. கணவர் பெயர் நிரலை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்தேன். இடையிடையே ‘ஏஏஏ’ என்று இருந்தது. சில இடங்களில் ‘எக்ஸ்எக்ஸ்எக்ஸ்’. சில இடங்களில் ஆங்கிலத்தில் ‘நில்’. சில இடங்களில் ‘அம்மா’ என்றே இருந்தது. அக்கா தனக்கான வழிகளைக் கண்டுபிடித்திருந்தார். தகப்பன் பெயர்களும் அண்ணன் பெயர்களும் எத்தனை இருந்தன என்பதை யாராலும் சொல்ல முடியாது. அவை பார்ப்பதற்குக் கணவர் பெயர்கள் போலவே இருந்தன.

என் அச்சு என்ன செய்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அது உண்மையைச் சோதிக்கவில்லை, உருவத்தை மட்டும் சோதித்தது. கணவர் இல்லை என்ற உண்மைக்கு மூன்றெழுத்து உருவம் இல்லை. அதனால் அது வெளியே நின்றது. ‘ஏஏஏ’ என்ற பொய்க்கு உருவம் இருந்தது. அது உள்ளே வந்தது. தவறான தகவல் நுழையக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு, ஒரு தாயைத் தன் மகள் முன்னால் பொய் சொல்ல வைத்தது.

என் மேலாளரிடம் சொன்னபோது, “கிளையன்ட் கேட்டதைத்தான் கொடுத்தோம்” என்றார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். பழைய மின்னஞ்சல்களைத் தேடி, அவர்கள் அனுப்பிய பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ‘ஹஸ்பண்ட் நேம்’ என்று மட்டும் இருந்தது. கட்டாயம் என்று யாரும் எழுதவில்லை. மருத்துவர் கேட்கவில்லை, நிர்வாகி கேட்கவில்லை, சட்டம் கேட்கவில்லை. கேட்டது நான். அதையும் நான் கேட்டேன் என்று எனக்கே தெரியாமல் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கட்டத்தைப் பற்றி இன்னொரு விவரம் உண்டு. பொருந்தாத விசையை யாராவது அழுத்தினால் அதை நிரலாளருக்குத் தெரிவிக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. ‘மாஸ்க் இன்புட் ரிஜெக்டட்’ என்று அந்த நிகழ்வுக்குப் பெயர். எந்த இடத்தில் நிராகரிக்கப்பட்டது, ஏன் என்பதைக்கூட அது சொல்லும். நாம் விரும்பினால் அதைக் கேட்டு, திரையில் ஒரு செய்தி காட்டலாம், பதிந்து வைக்கலாம். பிழை நேரும்போது ஓர் ஒலி எழுப்பும் வசதியும் உண்டு; நாமாக அதை இயக்காவிட்டால் அது மௌனமாகவே இருக்கும். அக்கா கோட்டுக்குறியை இருமுறை அழுத்தியபோது, அந்தக் கட்டம் இரண்டு முறையும் அதைச் சொல்லத் தயாராகத்தான் இருந்தது. கேட்பதற்கு நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

பிழைச் செய்தி காட்டும் படிவத்துக்கும் அச்சு போட்ட படிவத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முதலாவதில் நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறீர்கள். பிறகு அது மறுக்கிறது. குறைந்தபட்சம் ஒரு வாக்குவாதமாவது நடக்கிறது. இரண்டாவதில் உங்கள் சொல் உருவாவதே இல்லை. மறுக்கப்பட்டதற்குத் தடயம் இல்லை. ஆறு மாதம் கழித்துத் தரவைப் பார்க்கிறவருக்கு எல்லாக் கட்டங்களும் நிறைந்திருக்கும். ஒரு பிரச்சினையும் இல்லை என்று அவர் நேர்மையாகவே நம்புவார். நம்மைப் பற்றிப் புகாரே வந்ததில்லை என்று சொல்லும் குடும்பங்களும் நிறுவனங்களும் நினைவுக்கு வருகின்றன அல்லவா?

ஆங்கில மெய்யியலாளர் மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் வெளியான தன் நூலில், அறிதலோடு தொடர்புடைய அநீதி ஒன்றைப் பற்றி எழுதினார். தன் அனுபவத்தைச் சொல்வதற்கான கருத்துகள் சமூகத்திடம் இல்லாதபோது, ஒருத்தி அதைப் பிறருக்கு மட்டுமல்ல, தனக்கே விளக்கிக்கொள்ள முடியாமல் போகும் நிலை அது. பாலியல் சீண்டல் என்ற சொல் புழக்கத்துக்கு வரும்முன் பெண்கள் அதை எப்படிச் சொல்லத் தவித்தார்கள் என்பது அவர் தரும் எடுத்துக்காட்டு. என் பதிவு மேசையில் நடந்தது அதிலிருந்து சற்றே வேறுபட்டது. அந்த அம்மாவிடம் சொல் இருந்தது. “அவரு இல்லம்மா” என்பது போதுமான, கண்ணியமான சொல். அக்காவுக்கும் அது புரிந்தது. புரிந்ததை எழுத ஒரு கோடும் இருந்தது. இருவருக்கும் நடுவில் நான் வைத்த பெட்டி மட்டுமே அதை வாங்க மறுத்தது.

*

இது ஒரு சிறுநகர மருத்துவமனையின் கதை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். நம் நாட்டுப் பெண்களின் சட்ட வரலாற்றில் படிவத்தின் கட்டங்கள் பலமுறை வந்து நின்றிருக்கின்றன.

கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984இல் தன் சிறு வயது மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். காப்பாளர் என்ற இடத்தில் தாயின் கையெழுத்து இருந்தது. தந்தையின் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் நீங்கள்தான் காப்பாளர் என்பதற்குச் சான்று வேண்டும் என்று வங்கி திருப்பி அனுப்பியது. மகனுக்குத் தாயே காப்பாளராகச் செயல்படட்டும் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த முடிவுக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று, 1999 பிப்ரவரியில்தான் தீர்ப்பு வந்தது. இந்து இளவர், காப்பாளர் சட்டத்தில் ‘தந்தைக்குப் பின் தாய்’ என்று இருப்பதை, தந்தை இறந்த பின் என்று மட்டும் படிக்கத் தேவையில்லை என்றது நீதிமன்றம். ஒரு கையெழுத்துக் கட்டத்தின் அகலத்தைக் கூட்ட ஏறத்தாழ 15 ஆண்டுகள்.

மூன்றாம் பாலினத்தவரைச் சட்டம் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு, காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தார் பிரித்திகா யாஷினி. விண்ணப்பத்தில் ஆண், பெண் என்று இரண்டே பிரிவுகள். அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் படிகளை ஏறி இறங்கி, 2015 நவம்பரில் தனக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்று, இந்தியாவின் முதல் திருநங்கை உதவி ஆய்வாளர் ஆனார். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொன்ன சொல், ஒரு படிவத்தின் பட்டியலில் மூன்றாவது வரியாக இறங்கவில்லை. அதை இறக்க ஒரு தனிமனிதர் தன் இளமையின் ஒரு பகுதியைச் செலவிட வேண்டியிருந்தது.

2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் பாஸ்போர்ட் விதிகளை மாற்றியது. தந்தை, தாய், சட்டப்படியான காப்பாளர் இவர்களில் ஒருவர் பெயர் இருந்தால் போதும் என்றானது. மணவிலக்குப் பெற்றவர்களும் பிரிந்து வாழ்பவர்களும் துணைவர் பெயரைத் தர வேண்டியதில்லை என்றானது. பான் அட்டைக்கான படிவத்தில், மணமான பெண்ணும் தந்தை பெயரைத்தான் தர வேண்டும் என்று இருந்தது. தாய் தனியாக வளர்த்த பிள்ளைக்குத் தந்தை பெயர் கட்டாயமில்லை என்ற திருத்தம் 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இவற்றைப் பெரிய புரட்சிகள் என்று யாரும் கொண்டாடவில்லை. ஒரு சிவப்பு நட்சத்திரக் குறி நீங்கியது, அவ்வளவே. ஆனால் அந்தக் குறியின் முன்னால் எத்தனை தாய்மார்கள் எத்தனை மேசைகளில் குனிந்து நின்றிருப்பார்கள்?

பெயரைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் போடுவதைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்ததும் அதே மாநாடுதான். நம்மில் பெரும்பாலோருக்கு இன்று குடும்பப்பெயர் இல்லாததில் அந்த அரசியலுக்குப் பங்கு உண்டு. ஆனால் பான் படிவம் குடும்பப்பெயர் கேட்கிறது, அதில் தலைப்பெழுத்து மட்டும் போடக் கூடாது என்கிறது. ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் அதையே குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுத வேண்டும். தலைப்பெழுத்து உள்ளவர்கள் அதை விரித்து எழுதினால், அங்கே வந்து உட்காருவது பெரும்பாலும் தந்தையின் பெயர். சாதியைக் களைந்த இடத்தில் அப்பாவை நட்டுவைக்கிறது ஒரு கட்டம். நாமும் நம் பங்குக்கு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: தலைப்பெழுத்து என்ற ஒற்றை எழுத்து அச்சை நாமேதான் வைத்திருந்தோம், அதில் அம்மாவின் எழுத்தை அனுமதிக்க நமக்கும் நெடுங்காலம் ஆனது.

சில ஆண்டுகள் முன்பு ஒரு தமிழ்ப் படிவத்துக்கு வேலை செய்தபோது வேறொரு வேடிக்கையைக் கண்டேன். பெயர்க் கட்டத்தில் ‘எழுத்து மட்டும்’ என்று விதி வைத்திருந்தோம். யூனிகோடு வகைப்பாட்டில் அ, க, ம இவையெல்லாம் எழுத்து. ஆனால் காலும் கொம்பும் புள்ளியும் எழுத்து அல்ல, தனியாகக் ‘குறி’ என்ற வகை. விதியை அப்படியே நம்பினால் ‘மா’ என்பது ஓர் எழுத்தும் எழுத்தல்லாத ஒன்றும். நாங்கள் சோதனைக்காக உள்ளிட்ட முதல் சொல் ‘அம்மா’. அது இரண்டு இடத்தில் நிராகரிக்கப்பட்டது: ஒருமுறை புள்ளிக்காக, ஒருமுறை காலுக்காக. அறையில் எல்லோரும் சிரித்தோம். விதி எழுதியவருக்குத் தமிழ் மேல் பகை ஏதும் இல்லை. எழுத்து என்றால் என்ன என்று அவர் கற்ற மொழியில் வேறு விதமாக இருந்தது. என் மூன்று ‘எல்’களும் அப்படித்தான் பிறந்தன. குடும்பம் என்றால் என்ன என்று நான் வளர்ந்த வீட்டில் ஒரே விதமாக இருந்தது.

*

அப்படியானால் அச்சே வேண்டாமா? அப்படிச் சொல்வது எளிது, ஆனால் நேர்மையாகாது.

அதே பதிவுப் படிவத்தில் கடைசி மாதவிடாய் தேதிக்கும் நான் ஓர் அச்சு போட்டிருந்தேன். நாள் முதலில், மாதம் அடுத்து, நான்கு இலக்க ஆண்டு கடைசியில். 03, 04 என்று யாராவது இட்டால் அது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா என்ற குழப்பம் இருக்கக் கூடாது. அந்தத் தேதியிலிருந்து 280 நாள் எண்ணித்தான் பிரசவத் தேதியைக் கணிக்கிறார்கள். அதில் ஒரு மாதம் தவறினால் கருவின் வளர்ச்சி பற்றிய கணக்கே தவறும். அந்த அச்சு ஒரு பெண்ணின் உடலைக் காக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்காளர் ஒருவர் பணம் அனுப்பும்போது, வங்கிக் கிளைக் குறியீட்டில் முதலில் நான்கு எழுத்து, அடுத்து ஒரு பூஜ்ஜியம், பிறகு ஆறு இடம் என்று கட்டம் தானே வழிகாட்டினால், ஓ என்ற எழுத்தையும் பூஜ்ஜியத்தையும் மாற்றி அடித்துத் திணற மாட்டார். ஆங்கிலம் அதிகம் தெரியாதவருக்கு நல்ல அச்சு ஒரு கைத்தாங்கல்.

எனவே, எந்த அச்சு கைத்தாங்கல், எந்த அச்சு விலங்கு என்று பிரித்தறிய ஏதாவது ஓர் அளவுகோல் தேவை. நான் வந்து சேர்ந்த அளவுகோல் இது. வங்கிக் கிளைக் குறியீடு யாரோ சிலர் உட்கார்ந்து உருவாக்கியது. அதன் உருவம் முழுவதும் அவர்களுக்குத் தெரியும். அதில் அவர்கள் அறியாத வகை இருக்க முடியாது. கைபேசி எண்ணும் அப்படித்தான். உருவாக்கியவர்கள் உருவத்தைச் சொல்லலாம். பெயர், உறவு, பாலினம், பிறந்த நாள் இவற்றைப் படிவம் எழுதுகிறவர் உருவாக்கவில்லை. அவை அவருக்கு முன்பே வாழ்க்கையில் இருக்கின்றன, அவர் அறியாத வடிவங்களிலும் இருக்கின்றன. அங்கே அவருக்கு உருவம் சொல்லும் உரிமை இல்லை. கேட்டு எழுதிக்கொள்ளும் கடமை மட்டுமே இருக்கிறது.

என் அம்மாவின் எல்லா அடையாள அட்டைகளிலும் பிறந்த நாள் ஜனவரி 1. அவரைக் கேட்டால், “ஆடி மாசம், கம்மாய் ஒடைஞ்ச வருஷம், எங்க அத்தைக்குக் கல்யாணம் முடிஞ்சு எட்டாம் நாளு” என்பார். அது துல்லியமில்லாத தகவல் என்று சொல்ல முடியாது. ஒரு வீட்டுப் பெண்கள் தங்களுக்குள் நினைவு வைத்துக்கொண்ட முறை அது; ஆடியிலிருந்து அசையாது. அட்டையில் இருக்கும் ஜனவரி 1 பார்க்கத் துல்லியமாக இருக்கிறது, பொய் அதுதான். “நம்ம தெருவுல பாதிப் பேரு எனக்குக் கூடப் பொறந்தவங்க போல” என்று அம்மா சிரிப்பார். நாள் தெரியாது, மாதம் தெரியும் என்று எழுத ஒரு வழி வைத்திருந்தால் போதும். பூஜ்ஜியங்களுக்குப் பதில் ஒன்பதுகள்.

இங்கே இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது: தேவையான அரிசியை அளக்கச் சொன்னால் நீங்கள் மரக்காலையே கேள்வி கேட்கிறீர்கள், நிரலாளர் சட்டமியற்றுபவர் அல்ல. உண்மைதான். ஆனால் என் கதையில் யாரும் சட்டம் இயற்றவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். எழுதப்படாத இடத்தை நான் என் பழக்கத்தால் நிரப்பினேன். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததாக நம்பிக்கொண்டு பழக்கத்துக்குக் கீழ்ப்படிவது நம் எல்லோருக்கும் தெரிந்த பழைய வித்தை. “ஊர்ல என்ன சொல்வாங்க” என்று நம்மை அடக்கிய அத்தைகளிடம் எந்த ஊர் வந்து அப்படிச் சொல்லச் சொன்னது?

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. கட்டாயத்தை நீக்கிவிட்டால் மட்டும் போதுமா? கணவர் பெயர் என்ற கட்டம் அப்படியே இருந்து, அதை வெற்றாக விடலாம் என்றால், வரிசையில் நிற்பவர்கள் முன்னால் அந்தப் பெண் மறுபடியும் மௌனமாகத்தான் நிற்க வேண்டும். பொய் சொல்லத் தேவையில்லை, ஆனால் வெற்றிடமாக இருக்க வேண்டும். இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். கேள்விக்குறி போட்டிருக்கலாம் என்பது என் முதல் பாடம் மட்டுமே. அந்தக் கேள்வியே எதற்கு என்பது அடுத்த பாடம்.

அதை நான் கடைசியில் மருத்துவமனையின் தலைமை மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டேன். அவரும் பெண்தான். “கணவர் பெயர் உங்களுக்கு எதுக்கு மேடம் வேணும்?” சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “திடீர்னு ஆபரேஷன் பண்ணணும்னா யாரையாவது கூப்பிடணும்ல.” அவ்வளவுதான். அவர்களுக்குத் தேவைப்பட்டது கூப்பிட்டால் ஓடிவர ஒரு மனிதர். நாங்கள் கட்டத்தின் பெயரை மாற்றினோம்: அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும், அவர் உங்களுக்கு என்ன உறவு. உறவுக் கட்டத்துக்கு எந்த அச்சும் போடவில்லை. பிறகு பார்த்தபோது அம்மா, அக்கா, நாத்தனார், மாமியார், பக்கத்து வீடு என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். கணவர் இருக்கும் பெண்களிலும் பலர் அம்மாவின் எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். ஒரு பெண்ணுக்கு வலி வந்தால் யார் ஓடிவருவார்கள் என்ற உண்மை, என் மூன்று ‘எல்’களுக்குப் பின்னால் அத்தனை நாளும் காத்திருந்திருக்கிறது.

*

முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தெரியாமை விடுவிக்குமா? நம் கண்ணுக்கு எட்டாத தொலைவில் நடந்ததை அறியாமல் இருப்பது ஒன்று. அறிவதற்கான வழி கையருகே இருந்தும் அதைத் திறக்காமல் இருப்பது வேறு. என் கட்டம் நிராகரிப்பை அறிவிக்கத் தயாராக இருந்தது. அதை நான் கேட்கவில்லை. அதைவிட, நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் விடமாட்டேங்குது என்று அக்கா சொன்னபோது, கம்ப்யூட்டர் அவர் முதுகுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டிருந்தது. ஆகவே என் விடை, இல்லை என்பதே. குற்ற உணர்ச்சிக்காக இதைச் சொல்லவில்லை. விதிகளை எழுதும் இடங்களுக்குப் பெண்களாகிய நாம் இப்போது போய்ச்சேர்ந்திருக்கிறோம். போய்ச்சேர்ந்ததாலேயே விதிகள் மாறிவிடாது என்பதற்கு நானே சாட்சி.

இந்தத் துறைக்கு வரப்போகும் மாணவிகளுக்கு என்னிடம் இருப்பது ஒரு சிறிய பழக்கம்தான். எந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கினாலும், அதைக் கட்டாயமாக்கச் சொன்னவர் யார் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவைக்கிறேன். பெயர் எழுத முடியாவிட்டால் கட்டாயத்தை எடுத்துவிடுகிறேன். நிராகரிக்கப்படும் விசைகளைப் பதிந்துவைத்து, வாரம் ஒருமுறை படிக்கிறேன். இந்தத் துறைக்கு வராதவர்களுக்கும் ஒன்று உண்டு. அடுத்தமுறை ஏதாவது ஒரு மேசையில் “சிஸ்டம் எடுக்கலை” என்று சொன்னால், எதிரில் இருப்பவரிடம் கோபப்படாதீர்கள். அவரும் கோட்டுக்குறியை இருமுறை அழுத்திப் பார்த்தவராக இருக்கலாம். அதை எழுதியது யார், அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை கேளுங்கள்.

அந்தப் பெண்ணின் பதிவை நான் திருத்தவில்லை. புதிய கட்டம் வந்தபோது பழைய பதிவுகளை அப்படியே நகர்த்தினோம். ‘ஏஏஏ’க்களை அழிக்க முடிந்தது. அவளுடையதை அழிக்க முடியவில்லை, ஏனென்றால் அது சரியான பெயர் போலவே இருந்தது. எது தகப்பன் பெயர், எது கணவன் பெயர் என்று பிரிக்க எந்தக் கட்டளையாலும் முடியாது. அந்தக் குழந்தை இப்போது உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும். இத்தனை ஆண்டுகளில் எத்தனை படிவம் நிரப்பியிருக்குமோ.